முகம் பார்க்கும் காசுகள்

(செஞ்சியில் நாணயம் சேகரிப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



செஞ்சிக்கு வந்து காசைப் பற்றிப் பேசு என்றால் நாயக்கர் வராகன், மராட்டியர் காசு, தேசிங்கு ராஜா என்று தொடங்குவதுதான் மரியாதை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன்துர்க்கமும் இவ்வளவு கிட்டத்தில் நிற்கும்போது வேறு பேச்சு எடுக்கக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. அதிலும் 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை உங்களுடையது. இருந்தாலும் நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கூட்டங்களில் இளைஞர்கள் என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “சார், இந்தக் காசு கண்ணாடி மாதிரி மின்னுதே, இது ப்ரூஃபா?” பத்தில் ஒன்பது முறை அது ப்ரூஃப் இல்லை. அது என்ன என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் கோட்டைக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இந்தக் கோட்டையை ஆண்ட எவர் காசிலும் உங்கள் முகம் தெரியாது. 1677இல் சிவாஜி பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கிருந்துகொண்டு முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தார். 1698இல் ஜுல்பிகர் கானிடம் கோட்டை விழுந்தது. முகலாயர்கள் ஊருக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் முகலாய அக்கசாலைகளின் பட்டியலிலும் ஏறியிருக்கிறது. ஆண்டவர்கள் மாறினாலும் காசு அடித்த முறை மாறவில்லை. எடை பார்த்து வெட்டிய துண்டைக் கீழச்சின் மேல் வைத்து, மேலச்சை அதன் தலையில் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அச்சு பெரியது, துண்டு சிறியது. எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விடும். ஓரம் வெடிக்கும், பரப்பு மேடும் பள்ளமுமாக நிற்கும். அதுவே அழகு என்று வாதாடுகிற கட்சி நான். ஆனால் கண்ணாடிக்கு அங்கே வழியில்லை.

அதற்கு நீராவி வரவேண்டியிருந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனி கைக்குப் போயிற்று. செஞ்சியும் கூடவே போயிற்று. அடுத்து வந்தது 1803 என்று ஆண்டு பொறித்த செப்புக் காசு. இருபது காசு, பத்து காசு, ஐந்து காசு, ஒரு காசு என்று மதராஸ் மாகாணத்துக்காக பர்மிங்காமை ஒட்டிய சோஹோவில், மாத்யூ போல்டனின் ஆலையில் அடிக்கப்பட்டவை. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியான போல்டன்தான் நீராவி இயந்திரத்தை நாணயப் பொறியோடு பூட்டியவர். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. உருண்டை பிசகாத வட்டம், காசுக்குக் காசு ஒரே கனம். புழக்கத்துக்கு அடித்தது போக, மெருகேற்றிய அச்சில் தனியாகச் சில காசுகளை அடித்து, சிலவற்றுக்குப் பொன்முலாமும் பூசி வைத்தார்கள். நம் சீமைக்கென்று அடித்த காசில் மனிதன் தன் முகத்தைப் பார்க்க முடிந்தது அப்போதுதான். என்ன, அந்த முகங்கள் இங்கிலாந்திலேயே இருந்துவிட்டன. நமக்கு வந்தது புழக்கக் காசு.

அதுவும் முழுக்க வந்து சேரவில்லை. 1808 ஆண்டு பொறித்த பத்து காசு, இருபது காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு மதராஸுக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில்தான் மேலே எடுத்தார்கள். நம் பாட்டன் பூட்டன் கையில் புழங்கியிருக்க வேண்டிய செப்புக் காசை இன்று நாம் வெளிநாட்டு ஏலத்தில் வாங்குகிறோம்.

சரி, கண்ணாடி எப்படி வருகிறது? அச்சில் எல்லாமே தலைகீழ் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காசில் மேடாக நிற்கும் தலையும் எழுத்தும் அச்சில் குழி. காசில் தாழ்ந்து கிடக்கும் வெற்றுப் பரப்பு அச்சில் உயர்ந்த தளம். அச்சை மெருகேற்றும்போது அந்த உயர்ந்த தளம் மட்டும் தேயும். குழிக்குள் மெருகு இறங்காது. அதனால் வெளியே விழும் காசில் வெற்றுப் பரப்பு கண்ணாடியாகவும், தலையும் எழுத்தும் பனி பிடித்த வெண்மையோடும் இருக்கும். இந்த வேற்றுமை பளிச்சென்று இருந்தால் கேமியோ என்பார்கள்.

இந்தக் கண்ணாடிக்கு ஆயுள் குறைவு. ஒவ்வோர் அடியிலும், இரண்டு அச்சுக்கும் நடுவே வைத்த வில்லையின் உலோகம் நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்துப் பாய்கிறது. பாயும்போது அச்சை உரசுகிறது. அடி ஏற ஏற அச்சின் மெருகு போய், நடுவிலிருந்து ஓரத்துக்கு நுண்ணிய வரிகள் விழுகின்றன. அந்த வரிகள் அடுத்தடுத்த காசுகளிலும் பதிகின்றன. பழக்கமில்லாத கண்ணுக்கு வரி தெரியாது, அதன் விளைவு தெரியும். புதுக் காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரமாகச் சுழலும். லஸ்டர் என்று நாம் சொல்வது இதைத்தான். சுழலும் ஒளி இருந்தால் நல்ல புதுக் காசு. ஒளி சுழலாமல், எதிரே இருக்கும் பொருளை அப்படியே திருப்பிக் காட்டினால் அது கண்ணாடி.

கண்ணாடி உள்ளதெல்லாம் ப்ரூஃப் ஆகிவிடுமா என்றால், ஆகாது. ப்ரூஃப் என்பது நாணயச்சாலை நினைத்துச் செய்வது. அச்சுக்கும் மெருகு, வில்லைக்கும் மெருகு. மெதுவாக, கூடுதல் அழுத்தத்தில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பது. கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுப்பது. ப்ரூஃப்லைக், அதாவது ப்ரூஃபைப் போலத் தோன்றுவது, யாரும் நினைத்துச் செய்யாதது. வேகமாக ஒரே அடியில் பிறந்து, தொட்டியில் மற்ற காசுகளின் மேல் விழுந்து, பையில் கட்டப்பட்ட புழக்கக் காசு. அச்சு புதிதாக மெருகேறியிருந்த நேரத்தில் பிறந்தது என்பது ஒன்றுதான் அதன் அதிர்ஷ்டம். கனடாவின் நாணயச்சாலை மட்டும் 1950களிலும் 60களிலும் சேகரிப்பாளருக்கென்றே அடித்த செட்டுகளுக்கு இதே பெயரை வைத்துக் கொஞ்சம் குழப்பிவிட்டது. அதை இப்போது விட்டுவிடுவோம்.

இன்னொரு விதமாகவும் கண்ணாடி பிறக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வில்லை ஊட்டும் பொறி ஒரு கணம் தவறினால், நடுவில் வில்லை இல்லாமலே மேலச்சும் கீழச்சும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். ஒன்றின் உருவம் மற்றதில் தழும்பாக விழும். தொழிலாளி அச்சைக் கழற்றி, தழும்பைத் தேய்த்தெடுத்து, திரும்பப் பூட்டுவார். தேய்த்த தேய்ப்பில் அச்சின் தளம் கண்ணாடியாகிவிடும். அடுத்து விழும் காசெல்லாம் ப்ரூஃப்லைக். ஏலத்தில் இன்று கூடுதல் விலை பெறும் சில காசுகளின் அழகு, பட்டறையில் அவசரமாக நடந்த ஒரு பழுதுவேலையின் மிச்சம். அந்தத் தொழிலாளிக்கு அன்று திட்டு விழுந்திருக்கும்.

இந்த வகைக்கு உலகச் சந்தையில் மவுசு ஏற்றியது அமெரிக்காவின் மார்கன் டாலர். 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921இலும் அடித்தார்கள்; 26.73 கிராம், பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளி. மக்கள் அதிகம் கையில் எடுக்கவில்லை. ஆயிரம் ஆயிரமாகப் பையில் கட்டப்பட்டு அரசாங்கப் பெட்டகங்களில் கிடந்ததால் கண்ணாடி பிழைத்துக்கொண்டது. அந்த டாலருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. முதல் உலகப் போரின்போது இங்கே வெள்ளிக்குப் பெரும் தட்டுப்பாடு; மக்கள் நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டார்கள். 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் இயற்றி, சுமார் 27 கோடி வெள்ளி டாலரை உருக்கியது. அதில் மிகப் பெரும்பகுதி வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்திய ரூபாய்க்காக வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜின் தலையைத் தாங்கிக்கொண்டது. செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை விற்றுவிட்டு மடியில் முடிந்துகொண்டுபோன 1919 ரூபாயில் மார்கன் டாலரின் வெள்ளி இருந்திருக்கலாம். எத்தனை கண்ணாடிக் காசுகள் அந்த உலையில் கரைந்தன என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

நம் வெள்ளி ரூபாய்க்கு அந்தப் பெட்டகத் தூக்கம் கிடைக்கவில்லை. சேமித்தோம், அதில் குறைவில்லை. ஆனால் செம்பிலும் கலயத்திலும் போட்டுக் குலுக்கினோம். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கோத்தோம். கடைக்காரர் ஒவ்வொன்றையும் கல்லில் சுண்டி ஓசை பார்த்தார். வெள்ளி மெதுவானது, காசோடு காசு உரசினாலே கண்ணாடி போய்விடும். அதனால் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் காலத்துப் புழக்க ரூபாயில் இரு பக்கமும் முகம் தெரியும் காசைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள், பிறகு சந்தோஷப்படுங்கள்.

சந்தேகப்படுவது எப்படி? பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். விலை அதிகமில்லை. கண்ணாடிப் பரப்பில் நுண்கோடுகள் இருக்கும். கோடு இருப்பது குற்றமில்லை, அது எப்படிப்பட்ட கோடு என்பதுதான் வழக்கு. அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கீறல் காசில் மேடாக வரும். அந்தக் கோடு வெற்றுப் பரப்பில் ஓடி, எழுத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடும். எழுத்தின் மேல் ஏறாது. ஏனென்றால் எழுத்து அச்சில் குழி, அங்கே மெருகு போகவில்லை. காசையே யாராவது பின்னால் தேய்த்திருந்தால் கோடு பள்ளமாக இருக்கும். அது பரப்பு, எழுத்து, ராஜாவின் மூக்கு, கிரீடம் எதையும் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஏறி ஓடும். விளக்கை ஒரு பக்கம் தாழ்த்திப் பிடித்து, காசை மெல்லத் திருப்பினால் மேடா பள்ளமா என்று நிழல் சொல்லிவிடும். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு, பஃபிங் சக்கரத்தில் பிடித்த ரூபாயை ப்ரூஃப்லைக் விலைக்கு வாங்கியவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

இனி தரம். ஒன்று முதல் எழுபது வரை எண் கொடுக்கும் முறை 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்தது. 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ்ஸும் 1987இல் தொடங்கிய என்ஜிசியும் ஆகிய தர நிறுவனங்கள் அதையே எடுத்துக்கொண்டு, காசைப் பிளாஸ்டிக் ஸ்லாபில் அடைத்துத் தருகின்றன. அறுபதிலிருந்து எழுபது வரை புழங்காத காசு. கண்ணாடி இருந்தால் எண்ணுக்குப் பின்னால் பிஎல். ஆழமான கண்ணாடி என்றால் பிசிஜிஎஸ் டிஎம்பிஎல் என்றும் என்ஜிசி டிபிஎல் என்றும் எழுதும். அளக்கும் விதம் எளிது. அச்சிட்ட எழுத்தின் எதிரே காசைப் பிடித்து, எழுத்தின் பிம்பம் எத்தனை தூரம் வரை தெளிவாகப் படிக்க வருகிறது என்று பாருங்கள். பிசிஜிஎஸ் கணக்கில் இரண்டிலிருந்து நான்கு அங்குலம் தெரிந்தால் பிஎல், ஆறு அங்குலம் எட்டினால் டிஎம்பிஎல். இரண்டு பக்கமும் தேறவேண்டும். தலைப்பக்கம் கண்ணாடி, மறுபக்கம் மங்கல் என்றால் கிடையாது. வீட்டில் காலண்டர் தாளும் ஸ்கேலும் போதும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடி எதையும் மறைக்காது. சுழலும் ஒளியுள்ள காசில் கண்ணில் படாத சின்னத் தழும்பு, கண்ணாடிக் காசில் பளீரென்று தெரியும். அதனால் பையில் உரசி வளர்ந்த ப்ரூஃப்லைக் காசுக்கு உயர்ந்த எண் கிடைப்பது கடினம். அறுபத்து மூன்று பிஎல் என்றதும் உதட்டைப் பிதுக்கும் நண்பர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணாடி ஆழமாக இருந்தால் அந்தத் தழும்போடு நான் வாங்குவேன்.

நம் நாட்டில் இந்தப் பொருளின் மையமே வேறு இடத்தில் இருக்கிறது. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்தன. சேகரிப்பாளர் கேட்டால், அந்த அச்சை எடுத்துத் துடைத்து மெருகேற்றி, பழைய ஆண்டு பொறித்த காசையே புதிதாக அடித்துக் கொடுத்தன. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்தது. பம்பாயில் 1970இல்தான் நின்றது. ரீஸ்ட்ரைக் என்கிறோமே, அதுதான். 1862 என்று ஆண்டு இருக்கும், காசு அடித்தது விக்டோரியா செத்துப் பல காலம் கழித்து! இது திருட்டு வேலை இல்லை. அச்சும் உண்மை, நாணயச்சாலையும் உண்மை, காலம் மட்டும் பொய். தர நிறுவனங்களே சிலவற்றை ப்ரூஃப் ரீஸ்ட்ரைக் என்றும் சிலவற்றை ப்ரூஃப்லைக் ரீஸ்ட்ரைக் என்றும் பிரித்து எழுதுகின்றன. பார்த்துத் தெரிந்துகொள்ள அடையாளங்கள் உண்டு. பல ஆண்டு கிடந்த அச்சில் துரு பிடித்திருக்கும்; மெருகேற்றியும் போகாத துருக்குழி, காசில் சின்னச் சின்னப் பருவாக மேலெழும். அச்சு வெடித்திருந்தால் மேடான மயிரிழைக் கோடு ஓடும். சில சமயம் ஓர் ஆண்டின் தலைப்பக்கத்துக்கு இன்னோர் ஆண்டின் மறுபக்கம் ஜோடி சேர்ந்திருக்கும். ரீஸ்ட்ரைக்கை நான் தாழ்வாகப் பேசவில்லை, என்னிடமும் இருக்கிறது. ரீஸ்ட்ரைக் என்று சொல்லி விற்றால் நியாயமான வியாபாரம்; அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு ஒரிஜினல் ப்ரூஃப் விலை கேட்டால் அதற்குப் பெயர் மோசடி. இதில் நடுவாந்தரம் என்று ஒன்று கிடையாது.

குடியரசுக் காசுகளில் வேலை சுலபம். 1950 காசுகளுக்கே பம்பாயில் ப்ரூஃப் செட் அடித்தார்கள்: பைசாவிலிருந்து ரூபாய் வரை ஏழு காசு. 1969இலிருந்து பம்பாய் ப்ரூஃப் காசில் வழக்கமான வைரக் குறிக்குப் பதில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஊர்ப் பெயர் மும்பை ஆனபிறகு ‘எம்’. ஆகவே 1969 முதலான காசில், கண்ணாடி எவ்வளவு இருந்தாலும், குறி வைரமாக இருந்தால் அதை மும்பை ப்ரூஃப் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். எவர்சில்வர் ரூபாயும் இரண்டு ரூபாயும் புதிதில் மின்னுவதைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அந்த உலோகத்தின் இயல்பே மின்னுவது. தாளுக்கு எதிரே பிடியுங்கள், எழுத்து தெரிகிறதா பாருங்கள், பிறகு பேசுவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வெளியிட்ட ஆயிரம் ரூபாய்க் காசு, 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம், ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. அதன் ப்ரூஃப் பிரதியையும், யுஎன்சி என்கிற புழங்காத சாதாரணப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். நான் ஒரு மணிநேரம் பேசியதை அந்த இரண்டு காசும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடிப் பரப்பை விரலால் தொடாதீர்கள். ரேகை பதிந்தால் நாளடைவில் அது உலோகத்தையே அரிக்கும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மெதுவான பிவிசி உறை வேண்டாம். வருடம் போகப்போகப் பச்சைப் பிசினைக் கக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மூடிய கேப்சூலும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் கட்டாயம்.

கடைசியாக, காசு சேகரிக்காத செஞ்சிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றியுள்ள கொல்லைகளில் ஏர் ஓட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய காசு தட்டுப்பட்டால், புளியும் சாம்பலும் போட்டு விளக்கிவிடாதீர்கள். கையால் அடித்த காசுக்குக் கண்ணாடி ஒருநாளும் கிடையாது. நீங்கள் தேய்த்து வரவழைக்கும் பளபளப்பு, அதன் மேலிருக்கும் எழுத்தைத்தான் தின்னும். மண்ணோடு அப்படியே, ஒரு தாளில் மடித்து வையுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தாசில்தார் அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்.